புதர்க்காட்டுக்கு ஏற்ற துப்பாக்கி
வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனின் வாழ்க்கை

தபால் தந்தி இலாகாவில் 15 ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவர். பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு மானேஜர். மாதம் பிறந்தால் சம்பளம், லீவு வேண்டுமானால் மேலதிகாரியிடம் விண்ணப்பம். கென்னத் ஆண்டர்சனை இப்படி அறிமுகப்படுத்தினால் அவர் யாரென்று பலருக்கும் தெரியாது. ஆனால் ஜவளகிரியிலும் அஞ்செட்டியிலும் பென்னாகரத்திலும் ஆட்கொல்லிப் புலி நடமாடுகிறது என்று சேதி வந்தால், அந்நாளில் ஜனங்கள் எதிர்பார்த்தது இந்த ஆபீஸ்காரரைத்தான். கையில் ஒரு அமெரிக்கத் துப்பாக்கியுடன் அவர் வருவார். பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. தமிழும் கன்னடமும் அவருக்குச் சரளமாக வரும்.

1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள் சர்க்கார் கணக்கில் பதிவாகியுள்ளன. சிறுத்தைகள் 8, புலிகள் 7. வடக்கே ஜிம் கார்பெட் எப்படியோ, தெற்கே ஆண்டர்சன் அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு. கார்பெட் ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல ரைபிள்களை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டவர். ஆண்டர்சனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு துப்பாக்கிதான். அதை ஏன் அவர் விடவில்லை என்பதைப் பார்த்தாலே அவர் வாழ்க்கையில் பாதி தெரிந்துவிடும்.

பிறப்பும் படிப்பும்

ஆண்டர்சன் குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே தங்கிவிட்ட குடும்பம். 1910 மார்ச் 8-ம் தேதி ஹைதராபாத்தை அடுத்த பொலாரத்தில் கென்னத் பிறந்தார். தகப்பனார் ராணுவச் சம்பளக் கணக்கு அலுவலகத்தில் அதிகாரி. துப்பாக்கியிலும் வெளியே சுற்றுவதிலும் பிரியமுள்ளவர். அந்தப் பிரியம் மகனுக்கும் தொற்றிக்கொண்டது.

பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும், பிறகு செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படிப்பு. சட்டம் படிக்க எடின்பரோ நகருக்கு அனுப்பினார்கள். சொந்த தேசம் என்று பெரியவர்கள் சொன்ன அந்தச் சீமை அவருக்குப் பிடிக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பல் ஏறிவிட்டார். வக்கீலாகியிருந்தால் நாலு காசு கூடக் கிடைத்திருக்கும். காடு கிடைத்திருக்காது.

பெங்களூரிலிருந்து தெற்கே ஒரு பகல் கார் ஓட்டினால் போதும். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, அப்பால் காவிரிக்கரை வரை ஒரே காடு. இந்தப் பகுதி முழுவதும் அப்போது சேலம் ஜில்லா. 1965-ல்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆயிற்று, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆண்டர்சன் ஒரு பழைய ஸ்டூடிபேக்கர் காரில் இந்தச் சாலைகளில் சுற்றினார். ஏலகிரி மலை, ஆந்திரத்துக் காடுகள், நீலகிரியின் அடிவாரமான சீகூர், மைசூர்ப் பக்கம் என்று அவருடைய எல்லை பெரியது. ஆனாலும் அவர் மனம் திரும்பத் திரும்ப வந்து நின்றது சின்னாறு ஓடி ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கும் அந்த வறண்ட முட்காட்டில்தான்.

எப்படிப்பட்ட காடு?

காடு என்றதும் வானளாவிய மரங்களும் இருண்ட சோலையும் நினைவுக்கு வரும். கேரளத்து மலைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். சேலம் ஜில்லாக் காடு அந்த ரகம் அல்ல. மூங்கில் புதர், முள், வெட்டியபின் தழைத்த குத்துமரம், இவற்றுக்கு நடுவே உண்ணிச்செடி. அழகுக்காக வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் வைத்த இந்தச் செடி காடெல்லாம் பரவிவிட்டது. மனிதன் நிமிர்ந்து நின்றால் பத்து கெஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. புள்ளிமானோ கடமானோ (நாஞ்சில் நாட்டில் இதையே மிளா என்பார்கள்) எதிர்ப்பட்டாலும், கண்ணுக்குத் தெரிவது இரண்டு விநாடிதான். ஒரு காது தெரியும், ஒரு கால் தெரியும். பிறகு செடி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் 400 கெஜத்துக்கு அப்பால் குறி தவறாமல் சுடும் நீண்ட துப்பாக்கியால் என்ன பயன்? குழல் கொடியில் மாட்டிக்கொள்ளும். தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தினால் அதில் இலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. வேண்டியது வேறு. தோளுக்குச் சட்டென்று வர வேண்டும். முதல் தோட்டா தவறினால், துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல் இரண்டாவது தோட்டா தயாராக வேண்டும். பட்ட இடத்தில் மிருகம் விழ வேண்டும்.

முதல் யோசனை இரட்டைக்குழல் ரைபிள். ராஜாக்களும் கலெக்டர்களும் வைத்திருந்தது அதுதான். இரண்டு குழல், இரண்டு விசை, அடுத்தடுத்து இரண்டு வேட்டு. கார்பெட்டிடம் இப்படி ஒன்று இருந்தது. புதரில் பாயும் புலிக்கு அதற்கு இணை கிடையாது. ஆனால் அதன் விலை உத்தியோகஸ்தருக்கு எட்டாத விலை. ஒவ்வொன்றும் லண்டன் கம்மியர்கள் மாதக்கணக்கில் ராவிச் சேர்த்த சாமான். இரண்டு தோட்டா தீர்ந்ததும் நடுவில் ஒடித்துத் திறந்து மறுபடி போட வேண்டும்.

அடுத்தது போல்ட் ரைபிள். போலீஸ்காரர் கையில் பார்த்த துப்பாக்கியை நினைத்துக்கொண்டால் போதும். பக்கவாட்டில் இருக்கும் தாழ்ப்பாளைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, அழுத்த வேண்டும். நான்கு அசைவு. உறுதியான யந்திரம், விலையும் சல்லிசு. கார்பெட் 1926-ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையைச் சுட்டது இந்த ரகத்தைச் சேர்ந்த .275 ரிக்பியால்தான். ஆனால் பழக்கமில்லாதவன் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்துவிடுவான். அந்த ஒரு விநாடியில் மான் போய்விடும். புலியாக இருந்தால் வந்துவிடும்.

மூன்றாவதுதான் லீவர் துப்பாக்கி.

வின்செஸ்டர் 1895

விசைக்குக் கீழே கை விரல்கள் நுழையும்படி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதை முன்னுக்குத் தள்ளினால் வெடித்த கூடு வெளியே தெறிக்கும். பின்னுக்கு இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே போய் உட்காரும். சுத்தியலும் பின்னுக்குப் போய்த் தயாராகிவிடும். மர அடிக்கட்டை தோளிலேயே இருக்கும், கண் குறியிலேயே இருக்கும். அமெரிக்காவில் மரமடர்ந்த காட்டில் மான் வேட்டையாடுகிறவர்கள் இதையே பரம்பரையாகக் கையில் எடுத்தார்கள். 1894-ல் வந்த வின்செஸ்டர் அங்கே வீட்டுக்கு வீடு இருந்த சாமான். அதற்குரிய தோட்டா .30-30. ஒரு மானுக்கு, 100 கெஜத்துக்குள், அது போதும்.

அந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில், ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டி போல நிற்கும். இதில் ஒரு ஆபத்து. பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் வெடிமுனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குத் தோட்டா போட்டால், வேட்டின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். ஆகவே மொண்ணை மூக்குத் தோட்டாக்களே போடவேண்டியிருந்தது.

ஜான் பிரௌனிங் என்ற மகா கம்மியர் 1895-ல் வின்செஸ்டர் கம்பெனிக்காக வேறு மாதிரி ஒன்றை வடிவமைத்தார். தோட்டாக்கள் விசைக்கு முன்னால் ஒரு பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். மூக்கு எப்படி இருந்தாலும் கவலை இல்லை. பெரிய தோட்டாவும் போடலாம். முதல் உலகப் போரில் ருஷ்ய ராணுவம் இதில் ஏறத்தாழ 3 லட்சம் வாங்கியது. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் பதவி முடிந்து 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது சிங்கத்துக்கென்று எடுத்துச் சென்றதும் இதுதான்.

ஆண்டர்சன் கையில் இருந்ததும் இதே 1895 மாதிரி. குழல் அளவு .405, அதாவது 10 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தத் தோட்டா 1904-ல் வந்தது. ஈயக் குண்டின் எடை 300 கிரெயின், நம் கணக்கில் 19 கிராமுக்கு மேல். மான் வேட்டைக்காரர்களின் .30-30 குண்டு இதில் ஏறக்குறைய பாதி. விநாடிக்கு 2,200 அடி வேகம். தூரம் போகப் போகக் குண்டு தாழ்ந்துவிடும். ஆனால் சின்னாற்றங்கரையில் 150 கெஜத்துக்கு அப்பால் சுடுவதற்கு எதுவும் தெரிந்தால்தானே!

வேறொரு சௌகரியமும் உண்டு. இந்தியாவில் .450 அளவுள்ள ரைபிள்களை ஆங்கில சர்க்கார் 1900-களின் தொடக்கத்தில் தடை செய்தது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி துப்பாக்கிக்கு அந்தத் தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம். .303 அளவும் ராணுவத்துக்குரியது என்று தனியார் கைக்கு மறுக்கப்பட்டது. .405 எந்த ராணுவத்துக்கும் உரியதல்ல. லைசென்ஸ் கேட்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. இந்தத் துப்பாக்கி தோளில் உதைக்கும் உதை பிரசித்தம். அடிக்கட்டையின் பின்புறம் வளைந்த இரும்புத் தகடு. ஆளைச் சோதிப்பது போல இடிக்கும். கையில் தூக்கி நடக்கும்போது சரியாகப் பிடிக்கவேண்டிய இடத்தில் தோட்டாப் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு லீவரை முன்னே தள்ள இடம் போதாது. பரணில் உட்கார்ந்திருப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் இரவின் நிசப்தத்தில் லீவர் போடும் சத்தம் ஊருக்கே கேட்கும். முன்னதாகவே தயார் செய்து வைத்துக்கொண்டு, பிறகு மூச்சுக்கூட விடாமல் உட்கார வேண்டும்.

கனத்த குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேரே போகும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வது வழக்கம். இது பாதிதான் உண்மை. விரல் தடிமன் குச்சியில் பட்டால் எந்தக் குண்டும் கொஞ்சமாவது திசை மாறும். கனமான குண்டு சற்றுக் குறைவாக மாறலாம், அவ்வளவுதான். இலைக்கு நடுவில் இடைவெளி தெரியும் வரை காத்திருப்பதற்கு மாற்று எந்தக் கம்பெனியும் செய்து விற்கவில்லை.

மான் துப்பாக்கியும் ஆட்கொல்லியும்

ஆண்டர்சனின் கதைகளைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்திருக்கும். ஆட்கொல்லியைச் சுட்டு வீழ்த்தியபின் அதன் உடலைப் பார்ப்பார். காலில் பழைய காயம், தாடையில் உடைப்பு, தோலுக்கடியில் ஈயத் துண்டு. முள்ளம்பன்றி முள் தைத்துச் சீழ் பிடித்ததும் உண்டு. ஆனால் பல சமயம் காரணம் துப்பாக்கி. அதுவும் புலிக்கென்று தூக்கிய துப்பாக்கி அல்ல, மானுக்கென்று தூக்கியது.

நடந்தது இதுதான். கோடையில் காட்டில் தண்ணீர் வற்றிவிடும். மிச்சமிருக்கும் குட்டையருகே குழி தோண்டி, தழையால் மூடி, ஒருவன் நாட்டுத் துப்பாக்கியோடு காத்திருப்பான். வாய் வழியே கருமருந்து கெட்டித்து, மேலே ஆணித்துண்டும் ஈயமும் இட்டு இடித்த துப்பாக்கி. ஒரே வேட்டுதான். மானுக்கு 15 கெஜத்தில் அது போதும். ஆனால் தண்ணீருக்கு மான் மட்டுமா வரும்? இருட்டில் நிழல் அசைகிறது, கண் மின்னுகிறது, சுட்டுவிடுகிறான். சுட்டது சிறுத்தை என்று அப்புறம்தான் தெரிகிறது. அது காயத்தோடு ஓடிவிடுகிறது. திருட்டு வேட்டைக்காரன் யாரிடம் போய்ச் சொல்வான்? சொன்னால் ஜெயில்.

மூன்று காலால் நடக்கும் சிறுத்தைக்கு மான் அகப்படாது. மாடு மேய்க்கும் பையன் அகப்படுவான். விறகு பொறுக்கப் போன பெண் அகப்படுவாள். குடிசையின் தட்டிக் கதவுக்கு உள்ளே தூங்குகிறவர்கள் அகப்படுவார்கள். கும்மளாபுரம் சிறுத்தை 42 பேரைக் கொன்றது என்று ஆண்டர்சன் கணக்குத் தருகிறார். சூரியன் சாய்ந்தால் ஊர் அடங்கிவிடும். ஜனங்கள் இயற்கைக் கடனுக்குக்கூட வெளியே வராமல் கிடந்தார்கள்.

ஜவளகிரிப் பெண்புலியின் கதையும் துப்பாக்கியிலிருந்து தொடங்கியதே. அதன் ஜோடியைச் சுட்டுவிட்டார்கள். பின்னர் அதன் மேலும் ஒரு இளம் வேட்டைக்காரர் சுட்ட குண்டு பட்டது. செத்து விழவில்லை. காயத்தோடு போன புலி மனிதர்மேல் பாயத் தொடங்கிற்று. ஆண்டர்சன் பல இரவுகள் காத்திருந்து தோற்றபின், ஆண்புலி கூப்பிடுவதுபோலத் தாமே குரல் கொடுத்தார். பதில் வந்தது. மறுபடி குரல். இன்னும் கிட்டத்தில் பதில். ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் அது வந்து நின்றபோது, லீவர் துப்பாக்கிக்கு வேலை வந்தது. ஜோடியைத் தேடிவந்த மிருகத்தை இப்படி ஏமாற்றிக் கொன்றதை அவர் பெருமையாக எழுதவில்லை.

துப்பாக்கி கடையில் வாங்குகிறவன் தன் தோளையும் தன் பையையும் பார்த்து வாங்குகிறான். தவறான துப்பாக்கியின் விலையைக் கொடுப்பது அவனல்ல. சம்பந்தமே இல்லாத எங்கோ ஒரு கிராமத்துக்காரன் கொடுக்கிறான். ஆண்டர்சன் மானுக்குக்கூட லேசான துப்பாக்கியை நம்பாததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் 2022 மே மாதம் கேரள அரசு ஒரு முடிவு எடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் சுடலாம். நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே மலையோரத்தில் மரச்சீனி போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கேயும் கேள்வி அதேதான். அரைகுறையாகக் காயப்பட்ட பன்றி மரச்சீனித் தோட்டத்துக்குள் புகுந்துகொண்டால், மறுநாள் காலையில் கூலிக்கு வந்து கிழங்கு பிடுங்குகிறவர் அல்லவா அதன் எதிரே நிற்க நேரும்!

பைராவும் ரங்காவும்

துப்பாக்கி அமெரிக்காவில் செய்ததாயிருக்கலாம். வித்தை இங்கே கற்றது. சின்னாற்றங்கரையில் பைரா என்ற காட்டுவாசி இருந்தார். பூசாரி இனத்தைச் சேர்ந்தவர். ஆற்றுக்கரையில் தோண்டிய வளையில் படுத்துக்கொள்வார். திருட்டு வேட்டைதான் பிழைப்பு. சட்டப்படி பார்த்தால் ஆண்டர்சன் அவரைப் பிடித்துக் காட்டிலாகாவிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அவரோ பைராவைச் சிநேகிதராக்கிக்கொண்டார்.

மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்து ஆணா பெண்ணா, வந்து எத்தனை நேரமாயிற்று, நடையில் நொண்டல் உண்டா என்று சொல்வது பைராவுக்கு நாம் பஸ் போர்டு படிப்பதுபோல. கேளையாடு எதற்குக் குரைக்கிறது, மந்தி எதற்குக் கத்துகிறது, கடமான் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் ஆண்டர்சன் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார். எடின்பரோவில் பாதியில் விட்ட மாணவர் இங்கே வகுப்புத் தவறவில்லை.

பென்னாகரத்து ரங்காவும் அப்படியே. அவரும் ஒரு காலத்தில் நாட்டுத் துப்பாக்கியோடு திரிந்தவர்தான். தைரியசாலி. ஆண்டர்சனின் பரண் கட்டியவர்களும், இறந்த மாட்டுக்குக் காவலிருந்தவர்களும், காயம்பட்ட சிறுத்தையின் ரத்தத் தடத்தில் முன்னால் நடந்தவர்களும் இப்படிப்பட்டவர்களே. அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைப் புத்தகங்களில் சுதேசிகளுக்குப் பெயர்கூட இருக்காது. பரண் கட்டினான் ஒருவன், ஓடினான் ஒருவன் என்று போகும். ஆண்டர்சன் புத்தகங்களில் பைராவுக்கும் ரங்காவுக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, கோபம் உண்டு. அவர்கள் மேல் அவருக்குள்ள மரியாதையும் தெரியும். இருந்தாலும் துப்பாக்கி லைசென்ஸ் துரையிடம்தான் இருந்தது, திருட்டு வேட்டைக்காரர் என்ற பட்டம் பைராவிடம்தான் இருந்தது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

கரடி கொடுத்த பாடம்

ஆண்டர்சனுக்கு எதுவும் முதல் தடவையிலேயே முடிந்துவிடவில்லை. மைசூர் ராஜ்யத்தில் அரசிகெரேப் பக்கம் ஒரு கரடி மனிதரைத் தாக்கத் தொடங்கியது. புலியைப்போல அது பசிக்குக் கொல்வதில்லை. முகத்தைக் குறிவைத்து நகத்தால் கிழிக்கும். பிழைத்தவர்கள் கண்ணும் மூக்கும் இல்லாமல் பிழைத்தார்கள். 12 பேர் இறந்தனர், இரண்டு டஜன் பேர் அங்கவீனமாயினர் என்று அவர் எழுதுகிறார். தமக்குப் பழக்கமான ஒரு தர்கா காவலரின் மகனையே அது கொன்றுவிட்டதென்று தெரிந்து புறப்பட்டுப் போனார். அகப்படவில்லை. மறுபடி போனார். அகப்படவில்லை. மூன்றாவது முறைதான் அதை வீழ்த்தினார். இதற்குள் எத்தனை பேர் காயப்பட்டார்களோ என்ற உறுத்தலை அவர் மறைக்கவில்லை.

தம் குண்டு தவறியதையும், லீவு தீர்ந்துபோய்ப் பாதியில் பெங்களூருக்குத் திரும்பியதையும் அவர் எழுதத் தயங்கியதில்லை. இந்த லீவு விவகாரம் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு நன்றாகப் புரியும். ஆட்கொல்லிக்குத் தெரியுமா திங்கட்கிழமை ஆபீஸ் என்று?

துருவும் தோட்டாவும்

மழைக்காலத்தில் காட்டில் ஒரு வாரம் தங்கினால் துப்பாக்கியின் கதி என்ன? அந்நாளைய வின்செஸ்டர் சாதாரண உருக்கில் செய்து நீலச்சாயம் ஏற்றியது. வியர்வைக் கை பட்டாலே விடிவதற்குள் துருப்பிடிக்கும். இது போதாதென்று, பழைய தோட்டாக்களின் வெடிமுனையில் இருந்த ரசாயனம் எரிந்தபின் குழலுக்குள் உப்பைத் தங்கவைக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது. கொதிக்கும் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். 1920-களின் கடைசியில்தான் அரிக்காத வெடிமுனைகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன.

துருப்பிடிக்காத எஃகு, அதாவது வீட்டில் எவர்சில்வர் பாத்திரம் செய்யும் அதே குலத்து உலோகம், துப்பாக்கிக்கு வந்தது வெகு காலம் கழித்து. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் கலந்திருக்கும். அது மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கி ஈரத்தைத் தடுக்கும். பின்னாளில் அமெரிக்காவில் மழையிலும் புதரிலும் மான் தேடுகிறவர்களுக்கென்று லீவர் துப்பாக்கிகளையே இந்த எஃகில் செய்து விற்றார்கள். வசதிதான். ஆனால் அதுவும் அறவே துருப்பிடிக்காத உலோகம் அல்ல. கடற்கரையோரம் வீட்டு எவர்சில்வர் கூஜாவில் புள்ளி விழுவதைக் கோட்டுகால், விழிஞ்சம் பக்கத்து இல்லத்தரசிகளைக் கேட்டால் சொல்வார்கள். தவிர, பளபளப்பு வெயிலில் மின்னி மானை விரட்டிவிடும் என்பதால் அதை மங்கலாக்கித் தரவேண்டியிருந்தது.

ஆண்டர்சனுக்கு இந்த வசதி எதுவும் கிடைக்கவில்லை. அவர் துப்பாக்கியைக் கழுவினார், துடைத்தார், எண்ணெய் போட்டார். அவ்வளவே. 1895 மாதிரியை வின்செஸ்டர் கம்பெனி இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தோடு கைவிட்டுவிட்டது. அவர் பெரிய ஆட்கொல்லிகளைத் தேடிப்போன ஆண்டுகளில் பெரும்பாலும் அவர் கையிலிருந்தது, செய்வதையே நிறுத்திவிட்ட ஒரு பழைய துப்பாக்கி.

பேனாவும் காமிராவும்

கார்பெட் 1955-ல் கென்யாவில் காலமானார். அதற்கு முந்தின ஆண்டு, 1954-ல், ஆண்டர்சனின் முதல் புத்தகம் லண்டனில் வெளியாயிற்று. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மத யானையும் என்பது அதன் விஷயம். சிவனிப்பள்ளி கருஞ்சிறுத்தையைப் பற்றி 1959-ல் ஒன்று. இப்படி 1970 வரை வரிசையாக வந்தன. ஜவளகிரியும் முத்தூரும் கெம்பேக்கரையும் உலக வாசகர்களுக்குத் தெரிந்த ஊர்களாயின. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

வயது ஏற ஏறத் துப்பாக்கியின் மேலிருந்த ஆசை குறைந்தது. தாம் முதலில் பார்த்த காடு கண் முன்னாலேயே தேய்வதைப் பார்த்தார். ஜீப்பில் வந்து, விளக்கடித்து, கண் கூசி நிற்கும் மானைச் சுடும் நகரத்துச் சீமான்களைக் கண்டு மனம் வெறுத்தார். சினையாயிருக்கும் பெண்மானையும் அவர்கள் விடுவதில்லை. காட்டிலாகாவின் லைசென்ஸ் விதிகள் பெண்மானைச் சுடக் கூடாது, இரவில் சுடக் கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்லின. விதியைப் படித்தவர்கள் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்கள். ஆண்டர்சனோ காமிராவை எடுத்துக்கொண்டார். மூலிகை வைத்தியத்திலும் மந்திர தந்திர விஷயங்களிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. சாமியார்களையும் பக்கிரிகளையும் தேடிப்போய்ப் பேசிக்கொண்டிருப்பார். நண்பர்கள் கேலி செய்ததாகத் தெரிகிறது. அவர் பொருட்படுத்தவில்லை.

மகன் டொனால்டும் தந்தையைப்போலவே வேட்டைக்காரராக வளர்ந்தார். ஆனால் அவர் காலத்தில் கதவு மூடிவிட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1-ம் தேதி புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. புதருக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று வேட்டைக்காரர்கள் கூடிப் பேசிய பேச்சுக்கெல்லாம் இந்தியாவில் அத்தோடு வேலை இல்லாமற்போயிற்று.

1974 ஆகஸ்ட் 30-ம் தேதி, 64-வது வயதில், புற்றுநோயால் பெங்களூரில் ஆண்டர்சன் இறந்தார். கடைசிப் புத்தகம் அவர் மறைந்து இரண்டு ஆண்டு கழித்து, 1976-ல் வெளிவந்தது.

அவர் நடந்த காட்டின் வடபகுதியை 2014-ல் தமிழக அரசு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தது. 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர். அதற்குள் அஞ்செட்டியும் உரிகமும் ஜவளகிரியும் அடங்கும். ஆண்புலியின் குரலில் ஆண்டர்சன் கூப்பிட்டதும், பெண்புலி பதில் சொல்லிக்கொண்டே வந்ததும் அந்த ஜவளகிரிக் காட்டில்தான்.